கூரையைத் தொடாத சுவர்

பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நான் தோற்றுப்போன பாடம் ஒன்று உண்டு. அதற்கு ‘இரகசியம் பேணல்’ என்று பெயர்.

ஹட்டனில் சனிக்கிழமைகளில் நடக்கும் சட்ட உதவியாளர் கற்கைநெறியில் சேர்ந்திருந்தேன். சட்டத்தரணி ஆவதற்கான படிப்பு அல்ல அது. சட்டத்தரணிக்கும் சனங்களுக்கும் நடுவில் நிற்கிற ஆளுக்கான படிப்பு. வருகிறவர் சொல்வதைக் கேட்டு அவர் சொன்னபடியே எழுதவேண்டும். எந்த அலுவலகத்துக்குப் போவது என்று காட்டவேண்டும். தேவைப்பட்டால் கூடவே போய் வாசலில் நிற்கவேண்டும். வாதாடக்கூடாது, தீர்ப்புச் சொல்லக்கூடாது, முக்கியமாக, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. வாயை நம்பியே இத்தனை வருஷம் வாழ்ந்தவனுக்கு இது எப்படிப்பட்ட படிப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை கொட்டகலைக் கடைவீதியில், ஓர் இரும்புச் சாமான் கடையில். குடியிருப்பு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். என் மனைவி கொழுந்து எடுக்கிறாள், அதனால் எங்கள் வீடான காம்பரா அவள் பெயரில் இருக்கிறது, நான் அவள் தயவில் இருக்கிறேன். கடையில் நின்று பழகியதில் சிங்களம் எழுதவும் வாசிக்கவும் வரும். அரசாங்கத்திலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கோயில் திருவிழாவில் மைக்கும் என் கையில்தான். தொலைந்த பிள்ளை, கிடைத்த செருப்பு, அன்னதானத்துக்கு வந்த அரிசி, எல்லாவற்றையும் நாலு பேர் சிரிக்கும்படி அறிவிப்பேன். இந்த இரண்டு தகுதியையும் கூட்டிப் பார்த்துத் தோட்டத்தில் எனக்கு ‘அரை லோயர்’ என்று பட்டம் கட்டியிருந்தார்கள். மீதி அரையையும் வாங்கிவிடலாம் என்ற ஆசையில்தான் படிக்கப் போனேன்.

அன்றைய வகுப்புப் பயிற்சி மிகச் சின்னது. இரண்டு இரண்டு பேராக உட்காரவேண்டும். ஒருவர் கற்பனையாக ஒரு இரகசியத்தைச் சொல்லவேண்டும், மற்றவர் அதை மாலைவரை தனக்குள் வைத்திருக்கவேண்டும். எனக்கு ஜோடியாக வந்தது வட்டவளையிலிருந்து வரும் ஒரு பெண், என் மகளின் வயது. மாமியாருக்குத் தெரியாமல் வீட்டு ஆட்டை விற்றுவிட்டு, ஆடு காணாமல் போய்விட்டது என்று சொல்லி மாமியாரோடு சேர்ந்து தானும் மலையெல்லாம் தேடிய கதையை அவள் சொன்னாள். கற்பனைதான். ஆனால் என்ன கதை! சோற்றுப் பார்சலைப் பிரித்த கையோடு மேசையிலிருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டேன். மாமியார் ஆட்டைக் கூப்பிடும் குரலை வேறு செய்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்றிருந்த விரிவுரையாளரைத் தவிர.

அவர் ஹட்டனில் வேலை செய்யும் சட்டத்தரணி. என்னைவிட வயதில் சின்னவர். கோபப்படவில்லை.

“ஐயா, இது உங்க கதை இல்ல. அந்தப் பிள்ளை வச்சிருக்கச் சொல்லித் தந்த சாமான். உண்மையான ஆள் வந்து தந்தா என்ன செய்வீங்க?”

“உண்மையான ஆளு என்கிட்ட வரமாட்டாங்க மிஸ். அவங்களுக்கு என்னையத் தெரியும்” என்றேன். அதற்கும் மேசை சிரித்தது.

அதில் நான் சொன்னது தப்பு. ஆள் வந்தது.

எங்கள் லயத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். காம்பராக்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஏறி, போதும் என்று நின்றுவிடும். அதற்கு மேலே, தகரத்துக்குக் கீழே இருப்பது எல்லாருக்கும் பொதுவான காற்று. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் நாலு வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். ஒருவர் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு வயசு’ என்று வாழ்த்து வரும்.

இப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்து வாழ ஒரு மரியாதை வேண்டும். காதில் விழுந்ததை விழாத மாதிரி வைத்துக்கொள்ளும் மரியாதை. புதுப் பெண்சாதியோடு பேசுகிற பேச்சு, பரீட்சையில் தவறிய பிள்ளையின் அழுகை, வயதானவரின் புலம்பல், எதுவுமே எங்களுக்குக் கேட்காது. மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, ஒன்றும் அறியாதவர்களாக “என்னா, சொகமா?” என்று விசாரித்துக்கொள்வோம்.

அந்த மரியாதைக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது. ஒரு வீட்டில் அடி விழுகிற சத்தம் வந்தால் மற்ற வீடுகளில் டிவியின் சத்தம் கூடும். எங்களுக்கு அடுத்த காம்பராவில் சத்தம் வரும்போதெல்லாம் எங்கள் டிவியும் கூடியது. ரிமோட் என் கையில்தான் இருக்கும்.

அடுத்த காம்பராக்காரி எனக்குத் தங்கச்சி முறை. இரத்த உறவு இல்லை, பக்கத்தில் வாழ்ந்து வந்த உறவு. என் மனைவியோடு ஒரே கொழுந்துக் கூட்டத்தில் வேலை. அவள் புருஷன் கொழுந்து லொறியில் போகிறவன். என்னை மச்சான் என்பான். மைக்கில் நான் என்ன சொன்னாலும் கூட்டத்தில் முதலில் சிரிப்பவன் அவன்தான். அவன் சிரிப்பைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள். ஒரு கோமாளிக்கு அப்படி ஓர் ஆள் எவ்வளவு வேண்டியவன் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டில் இல்லாத நேரம், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நீங்க ஹட்டன்ல படிக்கிறீங்களே, அதுல பொம்பளைங்களுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்கா?”

“நெறைய இருக்கு தங்கச்சி. ஆம்பளைங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல. ஒங்க அண்ணியக் கேட்டுப் பாரு.”

அவள் சிரிக்கவில்லை. சேலையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதிலிருந்து தண்ணீர் வருவது எப்போதோ நின்றிருந்தது.

“அவரு வூட்டுக்குள்ள வராம செய்ய முடியுமாண்ணே? கொஞ்ச நாளைக்காவது?”

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கொடிக்குப் பக்கத்தில் போனேன்.

“போன கெழம கழுத்தப் புடிச்சிட்டாரு. இதுவரைக்கும் அப்பிடி செஞ்சதில்ல. கையி, காலுன்னா தாங்கிக்குவேன். இது வேற மாதிரி இருந்துச்சு.” குரலை இன்னும் இறக்கினாள். “நான் இப்பிடிக் கேட்டேன்னு தெரிஞ்சாலே என்னைய உசுரோட வுடமாட்டாரு. யாருகிட்டயும் சொல்லிறாதீங்கண்ணே.”

“சொல்லமாட்டேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் ஆடு ஞாபகத்துக்கு வந்தது. மாமியாருக்குத் தெரியாமல் விற்ற ஆட்டையே ஒரு பகல்பொழுது மறைத்துவைக்கத் தெரியாதவன் நான். அதுவும் இல்லாத ஆடு.

அந்த வாரத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். வாயைத் திறந்தால் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் பேச்சையே நிறுத்திவிட்டேன். கடைக்குப் போனால் முதலாளி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். லயத்தில் இரண்டு பேர் என் மனைவியிடம், எனக்கு ஏதும் வியாதியா என்று விசாரித்தார்கள். இரகசியம் காக்கிறேன் பேர்வழி என்று, எனக்குள் ஒரு இரகசியம் இருக்கிறது என்பதை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, வகுப்பு முடிந்த பிறகு விரிவுரையாளரைத் தனியாகப் பார்த்தேன். பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். கழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இதைத் தள்ளிப்போடக்கூடாது” என்றார். “நீதவான் நீதிமன்றத்துல பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். வீட்டுக்குள்ள வரக்கூடாது, பக்கத்துல போகக்கூடாதுன்னு கோர்ட்டால சொல்ல முடியும். அவங்களால இங்க வர முடியுமா?”

வர முடியாது. வேலை நாளில் அவள் தோட்டத்தை விட்டு இறங்கினால் அவனுக்கு லொறியிலேயே செய்தி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனால் அவனும் கூட வருவான். ஒரே ஒரு தடவை வரலாம், அந்த ஒரு தடவையில் வேலை முடியவேண்டும்.

“அப்ப வாக்குமூலத்த நீங்க அங்கயே எழுதிட்டு வாங்க. நான் மனுவ ரெடியா வச்சிருக்கேன். பக்கத்துல ஒரு பொம்பள ஆள் இருக்கணும். அவங்க சொல்ற மாதிரியே எழுதணும், அலங்காரம் செய்யக்கூடாது. யாராவது பாத்தாங்களா, கேட்டாங்களான்னு கேளுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “வேற யார் காதுலயும் விழக்கூடாது. வெளங்குதா ஐயா?” என்றார்.

விளங்கியது. எங்கள் லயத்தை அவர் பார்த்ததில்லை என்பதும் விளங்கியது.

தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டு, என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எனக்குத் தெரியாதாக்கும்! ஒரே நெரையில நின்னு கொழுந்து எடுக்குறவ நான். கழுத்துல துணியச் சுத்திக்கிட்டு வந்தா குளிருக்குன்னு நெனச்சிக்குவேனா?”

“அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“ஒங்ககிட்ட சொல்றதும் ஒண்ணு, கோயில் மைக்குல சொல்றதும் ஒண்ணு.”

நியாயமான பதில்தான். நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

எங்கே வைத்து எழுதுவது? அதுதான் அடுத்த வாரம் முழுக்க என்னைத் தின்ற கேள்வி. பெண்கள் குளிக்கும் பீலிப் பக்கம் நான் நின்றால் எனக்கே வழக்கு வரும். தேயிலைக்குள் போகலாம் என்றால் அங்கே கங்காணி, அவருக்கு மேலே அதிகாரம் பண்ணும் கண்டாக்கு, மற்றப் பெண்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்வரை எங்கள் சொந்தக்காரர். மழை பெய்தால் நல்லது. தகரத்தில் மழை விழும்போது, பக்கத்தில் இருக்கிறவர் சொல்வதே கேட்காது. நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்ற நாளெல்லாம் கொட்டுகிற வானம் அந்த வாரம் வாயை மூடிக்கொண்டது. அதற்காவது மூடத் தெரிந்தது.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகவும் நிறைய வெட்கமாகவும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலையில் கோயிலில் அம்மன் பாட்டுப் போடுவோம். கோயில் லயத்துக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில். ஒலிபெருக்கியின் வாய் எங்களைப் பார்த்துத்தான் இருக்கும். பாட்டு ஓடுகிற வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் யானை பிளிறினாலும் கேட்காது. ஆகவே, பாட்டு ஓடும்போது எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிடலாம். அவள் புருஷன் வந்துவிட்டால்? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். அவனையே பாட்டுப் போடும் செட்டுக்கு முன்னால் உட்காரவைப்பது.

“மச்சான், எனக்கு உடம்பு சரியில்ல. இன்னைக்கு செட்ட நீ பாத்துக்கயேன்.”

“ஒனக்கு என்னா மச்சான்? ரெண்டு வாரமா பேயறைஞ்ச மாதிரி இருக்க. மைக்கையும் பிடிக்கட்டா?”

“பாட்டு மட்டும் போடு. நல்லா சத்தமா போடு. அம்மனுக்குக் கேக்கணும்ல?”

அவன் சிரித்தான். மனம் நிறைந்து சிரித்தான். பொழுது சாயத் தொடங்கும்போது கோயிலுக்கு இறங்கிப் போனான்.

பாட்டு தொடங்கியது. தகரம் அதிர்ந்தது. தங்கச்சி பின்கதவால் எங்கள் குசினிக்குள் வந்தாள். என் மனைவி கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தாளும் பேனாவுமாக எதிரில். கேட்கவேண்டிய கேள்விகளைப் படித்துவைத்திருந்தேன். முதல் கேள்வியைக் கேட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. கத்திக் கேட்டேன். அவள் கத்திப் பதில் சொன்னாள்.

காதோடு காதாகச் சொல்லவேண்டிய விஷயங்களை அவள் தொண்டை நரம்பு புடைக்கச் சொல்லவேண்டியிருந்தது. பாட்டு ஏறும்போது அவள் குரலும் ஏறியது. எப்போது தொடங்கியது, எதற்காக, எதை வைத்து, எந்தப் பக்கம். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்கும்போது எல்லாரும் தரையைப் பார்ப்பார்களாம், அதுதான் அடியைவிட வலிக்கும் என்றாள். அதை அப்படியே எழுதினேன். ஒரு இடத்திலும் எனக்கு அலங்காரம் வரவில்லை. என் மனைவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கேள்விக்கு வந்தேன். “இதுக்கு யாராவது சாட்சி இருக்காங்களா தங்கச்சி?”

“சாட்சியா?” என்று அவள் கத்தினாள்.

கரண்ட் போனது.

விளக்கு அணைந்தது, பாட்டு செத்தது. அவளுடைய வாக்கியம் மட்டும் நிற்கவில்லை. வேகமாக ஓடிவந்தவர் வாசலில் நிற்க முடியாமல் உள்ளே வந்து விழுவது மாதிரி, அந்த அமைதிக்குள் முழுச் சத்தத்தோடு வந்து விழுந்தது.

“இந்த லயமே சாட்சிதாண்ணே! அவரு அடிக்கிறது அத்தன பேரு காதுலயும் வுழுவுது! ஆனா ஒருத்தருக்கும் காது இல்ல!”

சுவர்களுக்கு மேலே, அந்தப் பொதுக் காற்றில், லயம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. யாரோ ஒருவர் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தியிருந்தார். கோயிலிலிருந்து மேலே ஏறிவரும் படியில் ஒரு போன் வெளிச்சம் ஆடியது. அவன்தான். கரண்ட் இல்லாமல் செட்டுக்கு முன்னால் இருந்து என்ன செய்வான்?

நெருக்கடியில் மனிதனின் உண்மையான குணம் தெரியும் என்பார்கள். என்னுடையது தெரிந்தது. கையிலிருந்த வாக்குமூலத்தை முதலில் சட்டைக்குள் போட்டேன், அது கீழே விழுந்தது. எடுத்துப் பாயின் கீழே வைத்தேன், அந்தப் பாயில் நானே உட்கார்ந்திருந்தேன். பிறகு கோதுமை மா டின்னைத் திறந்து உள்ளே திணித்து மூடிவிட்டு, பேனாவை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இஸ்தோப்பில், முன்வாசல் திண்ணையில், போய் நின்றேன். அந்த இருட்டில் எதற்குப் பேனா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் தங்கச்சியைப் பின்கதவால் அவள் குசினிக்கு அனுப்பியிருந்தாள்.

அவன் மேலே வந்தான். வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தான்.

“என்னா மச்சான் சத்தம்? எவளோ காது இல்லங்கிறா. என் வூட்டுக்காரி சத்தமாட்டம் இருந்துச்சே?”

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வாழ்நாள் முழுக்க எனக்குச் சோறு போட்ட வாய், வேண்டாத இடத்தில் எல்லாம் முந்திக்கொண்ட வாய், அந்த இடத்தில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

“நான்தான் கத்துனேன்!” என்று கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த வீட்டு அக்கா, கொழுந்துக் கூட்டத்தில் கங்காணியே பயப்படுகிற ஆள், இஸ்தோப்புக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். “எல்லாம் என் மகனத்தான். கரண்டு போயிருச்சு, மெழுகுதிரிய எடுத்தாடான்னு கத்துறேன், அவனுக்குக் காது இல்ல!”

உள்ளேயிருந்து அவள் மகன், “எப்பம்மா கூப்புட்ட?” என்றான்.

“பாத்தியா! இப்பவும் காது இல்ல!”

அவன் சிரித்தான். வழக்கம்போல தங்கச்சி புருஷன்தான் முதலில் சிரித்தான். உடனே லயத்தில் வேறு வேறு வீடுகளிலிருந்து சிரிப்பு வந்தது, தேவைக்கு மேலே கொஞ்சம் சத்தமாக. நின்றிருந்த அம்மி மறுபடி ஓடத் தொடங்கியது. ஒருத்தி கோழியைக் கூட்டில் அடைக்கிறேன் என்று திட்டித் தீர்த்தாள். அவனுடைய குசினியிலிருந்து அடுப்பு ஊதும் சத்தமும் இருமலும் வந்தன.

“புகையில கெடந்து சாவுறா, போய் வெளிச்சத்தக் காட்டுங்க” என்றாள் என் மனைவி.

அவன் உள்ளே போனான். நான் பேனாவோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. அதை உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் டிவி ஓடவில்லை, கரண்ட் வந்த பிறகும் போடவில்லை.

மறுநாள் வகுப்பில் விரிவுரையாளர் அந்தத் தாளைப் பிரித்தபோது அவர் மடியில் மா கொட்டியது. தட்டிவிட்டு, கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

“சாட்சி எழுதலையே?”

“அந்தக் கேள்வியிலதான் கரண்டு போச்சு மிஸ்.” நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு இடத்திலும் குரல் மாற்றிச் செய்து காட்டவில்லை.

“இப்ப எத்தன பேருக்குத் தெரியும்?”

“லயம் முழுக்கத் தெரியும்.”

“அவருக்கு?”

“அவருக்கு மட்டும் தெரியாது. ஆனா எப்ப தெரியும்னு சொல்ல முடியாது.”

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “அப்ப கெதியா செய்யணும், நாள் கடத்தக்கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டு நாட்காட்டியைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிக் காம்பரா அக்கா தேங்காய் துருவி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டில் துருவி இருப்பது எல்லாருக்கும் தெரியும். என்னைப் பார்க்காமல் என் மனைவியிடம் சொன்னாள்.

“ஒன் புருஷங்கிட்ட சொல்லு. அந்தக் கடுதாசியில எம் பேரையும் போட்டுக்கட்டும். எனக்குக் காது இருக்கு.”

மாலையில் இன்னொருத்தி வந்தாள். எதையும் கடன் கேட்கவில்லை. நேராகச் சொன்னாள். அவ்வளவுதான், இரண்டு பேர். தங்கச்சி காம்பராவுக்கு மறுபக்கத்துச் சுவர்க்காரர், எல்லா அடியையும் எங்களைப் போலவே கேட்டவர், கோயில் கமிட்டியில் பெரிய ஆள், கட்டாயம் வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைக் கண்டதும் வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று கேட்டார்.

தங்கச்சியை ஹட்டனுக்கு இறக்கிய நாளில் கொழுந்துக் கூட்டமே பொய் சொன்னது. வயிற்றுவலி, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், துணைக்கு என் மனைவி போயிருக்கிறாள் என்று கங்காணியிடம் சொன்னார்கள். எந்த வயிறு, எப்போதிலிருந்து வலி என்று ஆளாளுக்குக் கூடுதலாகவும் சொல்லிவைத்தார்கள். நான் கடையில் லீவு போட்டுவிட்டு வேறு பஸ்ஸில் போனேன்.

நீதிமன்ற வளவில் என் வேலை நிற்பது. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. இருந்த ஒரே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், அது கடித்தது. ஒரு பொலிஸ்காரர் நான் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு, என்ன வழக்கு, யார் தரப்பு என்று சிங்களத்தில் கேட்டார். பயத்தில் “நான் யாரும் இல்ல சேர்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றால் நிழலில் போய் உட்காரச் சொன்னார். படிப்பில் எனக்குக் கிடைத்த ஆகச் சரியான அறிவுரை அது.

அவர்கள் வெளியே வந்தபோது தங்கச்சியின் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. இடைக்காலக் கட்டளை கிடைத்திருந்தது. விசாரணை பிறகு. “இனி வூட்டுக்குப் போகணும்ல அண்ணே” என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தாளில் கிடைத்தாகிவிட்டது. அதை அவனிடம் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது.

பொலிஸ் ஜீப் லயத்துக்கு வரும்போது அவன் லொறி வேலை முடிந்து இஸ்தோப்பில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். வந்த அதிகாரி கட்டளையின் தமிழ்ப் பிரதியை நீட்டினார். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. எழுத்துக்கூட்டி மட்டுமே வாசிக்கத் தெரிந்த அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, எல்லாரும் செய்கிறதைத்தான் அவனும் செய்தான். என்னிடம் நீட்டினான்.

“மச்சான், நீதானே எல்லாக் கடுதாசியும் படிக்கிறவன். இது என்னான்னு சொல்லு.”

தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மைக் பிடித்து ஆயிரம் அறிவிப்புச் செய்த குரல், முதல் வரியில் வயதுக்கு வந்த பையனின் குரல்போல உடைந்தது. ஆனால் வாசித்தேன். அவள் வசிக்கும் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வேலை செய்யும் இடத்துக்குப் போகக்கூடாது. வழியில் மறிக்கக்கூடாது. வேறு ஆள் மூலமும் தொல்லை கொடுக்கக்கூடாது. அடுத்த தவணைக்கு நீதிமன்றத்துக்கு வரவேண்டும். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அக்கா வந்து நின்றாள். அவள் மகன் வந்து நின்றான். கோயில் கமிட்டிக்காரரும் வந்தார், தூண் மறைவில் நின்றார். எந்த வீட்டிலும் டிவியின் சத்தம் கூடவில்லை. யாரும் தரையைப் பார்க்கவும் இல்லை.

அவன் அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இதுல ஒன் கை இருக்கா மச்சான்?”

“படிக்கச் சொன்ன, படிச்சேன்.”

“அன்னைக்கு செட்டுல என்னைய குந்தவச்சது?”

நான் தாளை மடித்து அவன் கையில் வைத்தேன். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் இல்லாவிட்டாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது. அவன் இந்த முறை சிரிக்கவில்லை. அதிகாரி வாசலில் நிற்க, ஒரு பையில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டான். பூண்டுலோயாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவதாக அதிகாரியிடம் சொன்னான். ஜீப் வளைவில் திரும்பும்வரை தங்கச்சி எங்கள் குசினியில், மா டின்னுக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பில் கேட்ட எழுத்து வேலையை, ஒப்படையை, எழுதிக் கொடுத்தேன். ‘இரகசியம் எவ்வாறு பேணப்பட்டது என்பதை விவரிக்குக’ என்று ஒரு கேள்வி. ‘என்னால் பேணப்படவில்லை, லயத்தால் பேணப்பட்டது’ என்று எழுதினேன். விரிவுரையாளர் அதன் கீழே கோடு போட்டிருந்தார். சரி என்றா, பிழை என்றா, இன்றுவரை கேட்கவில்லை. இந்தக் கதையை எழுதத் தங்கச்சியிடம் அனுமதி கேட்டேன். “பேரு வேணாம், தோட்டத்துப் பேரும் வேணாம். கரண்டு போனத மட்டும் எழுதுங்க, அது நல்லாருக்கும்” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை செட்டுக்கு முன்னால் நானே உட்கார்ந்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அம்மனுக்குக் காது நன்றாகவே கேட்கும். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தபோது சுவருக்கு மேலே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தும்மல் வந்தது.

“நூறு வயசு” என்றேன்.

பிறகு அவள் குரல் வந்தது.

“அவ்வளவு வேணாம்ணே. வெசாரண முடியிற வரைக்கும் இருந்தா போதும்.”